அரைச் சுற்று

மன்னார்புரம் ரவுண்டானா பக்கமிருந்து 'கீச்' என்று சத்தம் வந்ததும், கனவில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்தான் மெக்கானிக் தைரியராஜ். சுஜாவின் பழைய மாருதி. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"மறுபடியும் கத்துதுங்க. காவிரிப் பாலத்துல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

"போன சனிக்கிழமைதானே எஞ்சினுக்குப் புது பெல்ட் போட்டேன்?"

சத்தம் நின்றால் இவள் வரமாட்டாள். நிற்காவிட்டால் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவாள். இரண்டையும் நினைத்தபடி, ஓடும் பெல்ட்டில் தண்ணீர் தெளித்தான். சத்தம் கூடியது. அப்படியென்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"நான் டைட் பண்ணின போல்ட்டை யாரோ லூஸ் பண்ணியிருக்காங்க. வேற மெக்கானிக்கிட்ட காட்டினீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லைங்க!"

பதறி ஆட்டிய அவள் கையில், நகமெல்லாம் கிரீஸ் கறுப்பு. அவன் பார்ப்பது தெரிந்ததும் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

தைரியராஜ் போல்ட்டை இறுக முறுக்கினான். எஞ்சினை ஓட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை. சுஜாவின் முகம் வாடியது.

மறுபடி குனிந்து, ஸ்பேனரை அரைச் சுற்று பின்னால் திருப்பி, போல்ட்டைத் தளர்த்தினான்.

"நீங்க கையை அழுக்காக்கிக்க வேணாங்க. அடுத்த சனிக்கிழமை அதுவே கத்தும்."