எதிர் ஜன்னல் கேமரா

"கதவிடுக்கு வழியா இந்தப் படத்தை உள்ள தள்ளினது நீங்கதானே?"

அவள் நீட்டிய படத்தில், அவளே தலை வாரிக்கொண்டிருந்தாள். இமை முடியைக்கூட எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு.

எதிர் மாடிக்காரர் பதறிப்போனார். "நானாம்மா? நான் எதுக்கு...?"

"உங்க கேமரா எங்க வீட்டைப் பார்த்துத்தானே நிக்குது! ஒரு வாரமா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல."

"அய்யோ, அது ஜன்னல் பூந்தொட்டியில வர்ற பூச்சிய எடுக்கறதுக்கும்மா. லென்ஸ் ஒரு கம்பெனி, கேமரா வேற கம்பெனி. ரெண்டையும் சேர்க்க நடுவுல அடாப்டர்னு ஒரு வளையம் மாட்டியிருக்கேன். மலிவுச் சரக்கு. பக்கத்துல இருக்கறதுதான் தெளிவா விழும். தூரத்துல இருக்கறது, என்ன திருகினாலும் மங்கல்தான். வேணும்னா நீங்களே பாருங்க."

அவள் கண்ணை வைத்து லென்ஸைக் கடைசிவரை திருகினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு ஜன்னல் வெறும் புகையாகத்தான் தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"மன்னிச்சிடுங்க சார். பயத்துல என்னென்னவோ பேசிட்டேன்."

"பரவாயில்லம்மா." சிரித்தபடியே அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அதோ, உங்க வீட்டுக்காரர் திரையை இழுத்து மூடறார் பாருங்க. அவர்கிட்டயும் சொல்லிடுங்க. இல்லேன்னா அவரும் என்னைத் தப்பா நினைச்சுடப் போறார்."

வீட்டைப் பூட்டி எடுத்து வந்த சாவி அவள் உள்ளங்கையில் குத்தியது.

"சார்... அங்க நான் மட்டும்தான் குடியிருக்கேன்."