மதுரைக்கு மேலே இரண்டு விமானங்கள்

அம்மாவை உயிரோடு பார்க்க அன்றைய தொடக்க விலை நாற்பதாயிரம் ரூபாய்.

துபாயிலிருந்து மதுரைக்கு மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். அந்தத் தூரத்துக்கு டிக்கெட்டிலேயே கொடுத்தாயிற்று. இப்போதெல்லாம் எந்த விமானம் முந்தி இறங்குவது என்பதை வானத்திலேயே பயணிகளிடம் ஏலம் விடுகிறார்கள். தோற்ற விமானம் அரைமணி நேரம் மேலேயே சுற்றும். அம்மா பத்து மணிக்கு மேல் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணி ஒன்பதேகால்.

"நம்மகூட இறங்கக் காத்திருக்கற இன்னொரு விமானத்துல ஒருத்தர் அறுபதாயிரம் கேக்கறாங்க சார்," என்றாள் பணிப்பெண். "காரணம் சொன்னா விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பாங்க. அவங்களுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

நான் மிளகாய் மண்டியில் வளர்ந்தவன். நம் அவசரம் தெரிந்தால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான்.

"ஒண்ணும் சொல்லாதம்மா. ரெண்டு லட்சம் போடு."

எதிர்ப்பக்கம் அடங்கிவிட்டது.

"ஆளு படுத்துட்டான்," என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார்.

ஒன்பது ஐம்பதுக்கு ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"மகி எங்கய்யா?" என்றாள்.

சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த தங்கை மகிழினிக்குப் போன் போட்டேன்.

"மதுரைக்கு மேலதாண்ணே சுத்திக்கிட்டு இருக்கேன். எந்தப் பாவியோ ரெண்டு லட்சத்தக் கொட்டி முந்திட்டான். எங்கிட்ட ஏதுண்ணே அவ்வளவு? அம்மாவக் கொஞ்சம் இருக்கச் சொல்லுண்ணே."

சொன்னேன். அம்மா பத்தேகால் வரை இருந்தாள். மகிழினி பத்து இருபதுக்கு ஓடிவந்தாள். நான் வாங்கியது அரைமணி நேரம்; அதில் அவளுக்குத் தர வேண்டியது ஐந்து நிமிடம்.