ஃபோர்மேன் போட்ட ஆட்டம்

“பெண்டாட்டி அங்கே படுத்த படுக்கையா கிடக்கிறா. இந்த மனுஷன் இங்கே ஜாலியா படகுச் சவாரி போறாரே!”

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்திருந்த பைண்டருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

கீழே, படகின் முன்வரிசையில், தொப்பியும் கறுப்பு டீ-ஷர்ட்டுமாக உட்கார்ந்திருந்தது சாட்சாத் அவன் வேலை பார்க்கும் அச்சகத்து ஃபோர்மேனேதான்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். நின்றால் வளைய மாட்டார். பேசினால் சிரிக்க மாட்டார்.

போன மாதம்தான் பைண்டர் அவர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்திருந்தான்.

“சார், பக்கத்து ஊருக்கு ஒரு ராக் பேண்ட் வருது. உலகம் பூரா சுத்துறவங்க. இப்ப விட்டா திரும்ப வரவே மாட்டாங்க. ஒரே ஒரு நாள் லீவு...”

“பாட்டு கேக்கிறதுக்கெல்லாம் லீவா? வேலை மலை மாதிரி கிடக்கு. போப்பா, போய் பைண்டிங்கைப் பாரு.”

அதனால்தான் காலையில் போனில் காய்ச்சல் என்று முனகிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தான் பைண்டர். ஃபோர்மேனோ, ‘வீட்ல ரொம்ப முடியலை’ என்று முந்தின நாளே லீவு சொல்லிவிட்டுப் போனவர்.

கச்சேரிக்கு முன்னால் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவன், ஊரை விட்டுவிட்டு ஃபோர்மேன் பின்னாலேயே சுற்றினான்.

அவர் படகைவிட்டு இறங்கி, மூச்சு வாங்க மணிக்கூண்டில் ஏறினார். கடைத்தெருவில் கடை கடையாக நின்று வேடிக்கை பார்த்தார். ஐஸ்கிரீம் வாங்கிச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

‘ச்சே, எப்படித்தான் தொண்டையில இறங்குதோ!’ என்று நினைத்துக்கொண்டான் பைண்டர்.

சாயங்காலம் மைதானத்தில் கிட்டார் அலறியதும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. நாலு வரிசை முன்னால், ஸ்கேலும் எழுந்தது!

கையை வீசி, தலையைச் சிலுப்பி, இடுப்பை ஒடித்து, என்ன குதி குதித்தார்! தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பைண்டர் போனைத் தூக்கினான். எந்த பேண்டுக்காகப் பொய் சொல்லிவிட்டு வந்தானோ அதை மறந்தே போனான். பாட்டு முடியும்வரை ஃபோர்மேனையே வீடியோ எடுத்தான்.

நின்ற இடத்திலிருந்தே அச்சகத்து டிசைனருக்கு அதை அனுப்பினான்.

‘யார் எடுத்ததுன்னு மட்டும் மூச்சு விடாதே.’

மறுநாள் பைண்டரும் ஃபோர்மேனும் வேலைக்கு வந்தபோது வீடியோ அச்சகத்தையே ஒரு சுற்று சுற்றியிருந்தது. ஃபோர்மேனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார் முதலாளி. எல்லார் காதும் கதவுக்கு வெளியே.

“மனைவிக்கு முடியலைன்னு லீவு வாங்கிட்டு, என்ன இது?”

முதலாளி நீட்டிய போனை ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். கடைசிவரை பார்த்தார்.

“சார்... இதை எனக்கு அனுப்ப முடியுமா?”

முதலாளி முகம் சிவந்தது.

“என்ன திமிர் உங்களுக்கு! நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர், டிசைனர் மேஜைக்குப் போய் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

“பார்த்தியா, துளியாவது வெட்கம் இருக்கா?” என்றான் பைண்டர் டிசைனரிடம். வேலையே போய்விடும் என்று அவனும் நினைக்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் செய்தி வந்தது. ஃபோர்மேனின் மனைவி போய்விட்டாள்.

போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று பைண்டரும் துக்கம் கேட்கப் போனான். கூட்டம் கலைந்திருந்தது. கூடத்தில் தனியாக இருந்த ஃபோர்மேன், அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“உனக்கு லீவு இல்லைன்னு சொன்ன வாயோட நானே போய் நின்னேன். மனசுல வெச்சுக்காதே தம்பி. அந்த பேண்டுன்னா அவளுக்கு உசிரு. ரெண்டு பேரும் போறதாத்தான் இருந்தோம். அதுக்குள்ள படுத்துட்டா. ‘எனக்கும் சேர்த்து நீங்க போங்க. படகுல ஏறுங்க, ஐஸ்கிரீம் சாப்பிடுங்க, எல்லாரையும் மாதிரி எழுந்து ஆடுங்க. வந்து எனக்குச் சொல்லுங்க’ன்னு ஒரே பிடிவாதம். அவ தங்கச்சியைத் துணைக்கு வெச்சுட்டுப் போனேன்.”

பைண்டர் தன் கையை மெல்ல உருவிக்கொண்டான்.

“வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். படகை நம்பினா. மணிக்கூண்டை நம்பினா. நான் ஆடினேன்னு சொன்னதை மட்டும் நம்பவே இல்லை. ‘நீங்களாவது, ஆடுறதாவது! போகப் போறவகிட்ட போய் பொய் சொல்றீங்களே’ன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.”

சுவரோரம் இருந்த மனைவியின் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அப்புறம்தான் அந்த வீடியோ கிடைச்சுது. போட்டுக் காட்டினேன். சிரிச்சா பாரு தம்பி, அப்படி ஒரு சிரிப்பு! எத்தனையோ மாசமா சிரிக்காதவ. கண்ணை மூடுற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தா.”

தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வேலை போனா போகுது, விடு. அதை எடுத்த புண்ணியவான் யாருன்னுதான் தெரியலை. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.”