முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபது

பெல்ட் வேலனின் முதுகில் விழுந்த சத்தம் ஜின்னிங் மில் கேட்டுக்கு வெளியிலேயே பிரவீனாவுக்குக் கேட்டது.

உள்ளே ஓடினாள். பஞ்சு கொட்டும் களத்தில் பிரஸ் ஆபரேட்டர் வேலன் குப்புறக் கிடந்தான். கிழிந்த சட்டை முதுகுச் சதையோடு ஒட்டிப்போயிருந்தது. மேலே நின்று அடித்துக்கொண்டிருந்தவன் கிருபாசங்கர். மில் முதலாளியின் மகன். ஆர்.எஸ்.புரத்தில் அவன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ஆபீசில்தான் அவளுக்கு வேலை.

"சொல்றா! மாசாணம் கையை எடுக்கறதுக்கு முந்தியே பட்டனை அமுத்திப் போட்டீல்ல?"

"இல்லீங்க சின்ன மொதலாளி. எம் புள்ளைங்க மேல சத்தியமா நாந் தொடவே இல்லீங்க."

விலாவில் ஓர் உதை விழுந்தது. எலும்பு முறிந்தது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

நேற்று மதியம் பிரஸ்ஸின் பொதி அழுத்தும் பலகை இறங்கி, உள்ளே பஞ்சு திணித்துக்கொண்டிருந்த மாசாணத்தின் கையைத் தோளோடு நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி காங்கயம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. இப்போது அவன் சம்சாரம் பழனியாத்தாள் ஓடி வந்து வேலனின் தலைமயிரைப் பிடித்து மண்ணில் மோதினாள். ஒருத்தரும் தடுக்கவில்லை.

நாலு மணிக்குப் போலீஸ் வரும். அதற்குள் வேலன் வாயிலிருந்து 'நான்தான்' என்று வந்தாக வேண்டும். வந்துவிட்டால் ஜெயில்தான், அவன் கதை முடிந்தது.

அவன் தொடவில்லை என்பது பிரவீனாவுக்குத் தெரியும்.

அந்த பிரஸ்ஸை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைச் செய்து புரோகிராம் எழுதியவன் கிருபாசங்கரேதான். பிரஸ்ஸின் மூடி திறந்த விநாடியோடு பத்தைக் கூட்டு, அந்த நேரம் வரும்வரை பலகையை இறக்காதே. அவ்வளவுதான் விதி. கரண்ட் வந்ததிலிருந்து விநாடிகளை எண்ணும் போர்டு 32767 வரைதான் எண்ணும், தாண்டினால் எண் மைனஸில் போய் விழும். அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தான், தாண்டினால் நிறுத்து என்று. மகராசன் அந்த வரியை, பத்தைக் கூட்டி முடித்த பிறகு வைத்திருந்தான்! மைனஸில் விழுந்துவிட்ட எண்ணைப் பார்த்து, தாண்டவே இல்லையே என்றுதான் அது சொல்லும். பலகையும், நேரம் எப்போதோ ஆகிவிட்டது என்று உடனே இறங்கும்.

இன்று காலை அவள் இதை சால்வர் என்ற கணக்குப் போடும் புரோகிராமிடம் கேட்டாள். கல்லூரியில் படித்தபோது ஃப்ளாப்பியில் வாங்கி வைத்திருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கிற வேலை இல்லை அதற்கு. இந்த விதியை உடைக்கிற எண் ஒன்றாவது உண்டா என்று கேட்டால், இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடும், இல்லையென்றால் இல்லவே இல்லை என்று நிரூபித்துவிடும்.

எடுத்துக் கொடுத்துவிட்டது. 32760.

ஒன்பது மணி நேரம், ஆறு நிமிடம். காலை ஆறுக்கு ஓட்ட ஆரம்பித்தால் மதியம் மூன்று ஆறு. மாசாணத்தின் கை போனதும் அதே நேரம்தான்.

இரண்டு வருஷமாக ஏன் நடக்கவில்லை? நம்மூர்க் கரண்ட் எந்த நாளில் ஒன்பது மணி நேரம் சேர்ந்தாற்போல இருந்திருக்கிறது! போகும், வரும், போர்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். போன வாரம்தான் கிருபாசங்கர் போர்டுக்கு யு.பி.எஸ். மாட்டினான்.

மில்லில் போனை யாரும் எடுக்கவில்லை. அவள் பிரிண்ட் எடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மில் இருக்கும் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். சின்ன முதலாளிக்கு இது தெரிந்தால் பதறிப்போவார், பெல்ட்டை வீசிவிடுவார், வேலன் காலில் விழுந்தாலும் விழுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள் அந்தப் பைத்தியக்காரி.

களத்துக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. சீசன் அல்லவா! பிணம் வீடு வந்து சேர்வதற்குள் ரத்தத்தைக் கழுவிவிட்டு, இன்று காலை ஆறு மணிக்கே வேறொருத்தனை நிறுத்தி ஓட்டிவிட்டார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தபோது பெல்ட் மறுபடி இறங்கியது. இந்த முறை வேலனின் முகத்தில்.

"நாந்தானுங்க," என்றான் வேலன். "நாந்தான் அமுத்திப் போட்டேனுங்க. உட்டுருங்க."

கூட்டம் பாய்ந்தது. செருப்புகளும் கட்டைகளும் விழுந்தன. வேலன் அடியில் மறைந்துபோனான்.

கிருபாசங்கர் விலகி வந்து நெற்றி வியர்வையைத் துடைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம்தான் பிரவீனாவைப் பார்த்தான். பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடு சொன்னான்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க அம்மணி. ஓடிப் போயி பிரஸ் மெயினை ஆஃப் பண்ணிப் போடுங்க. மூணாயிருச்சு, இன்னும் ஆறு நிமிசந்தான் இருக்குது."

அவள் பையை இன்னும் திறக்கவே இல்லை. அந்த நேரத்தை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.