இரண்டு பள்ளமும் ஒரு கணவாயும்

"அந்தப் பள்ளத்துல எவனாவது கை வெச்சான், தொலைஞ்சான்!"

தன் கையால் வரைந்த வரைபடத்தை மடியில் விரித்தபடி, நடைவழியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"அப்பா, அடம் பிடிக்காதீங்க. அம்மா இருந்திருந்தா அவங்களே லாரியக் கூப்பிட்டிருப்பாங்க" என்றாள் மகள்.

"யாரு, உங்கம்மாவா? குறுக்கே படுத்திருப்பா!"

"அந்தப் பள்ளத்தால உங்களுக்கு இடுப்பே போச்சு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"போனது என் இடுப்புதானே? உன் இடுப்பக் கடன் கேட்டேனா?"

அரசாங்கத்துக்கு வரைபடம் வரைந்தே ஓய்வு பெற்றவர். எத்தனையோ மலைகளைச் சம உயரக் கோடுகளால் வளைத்துப் பிடித்தவர், கடைத்தெருவுக்குப் போனால் மட்டும் வீட்டுக்கு வழி கேட்டு மகளுக்குப் போன் போடுவார். ஆனால் பிடிவாதத்தில் அவரே ஒரு மலை. மலையிடம் "கொஞ்சம் நகருங்க" என்றால் நகருமா?

பொறுமையிழந்த லாரி டிரைவர் உள்ளே வந்தார். வந்தவர் மடியிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். வளையத்துக்குள் வளையமாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு.

"என்ன சார், ரெட்டை மலையா?"

அவ்வளவுதான். அப்பாவுக்குக் கோபம் மறந்து உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது.

"வளையம் போட்டா மலையாய்யா? உள்பக்கமா பல்லு பல்லா வெச்சிருக்கேன் பாரு. பல்லு இருந்தா பள்ளம். கோடு நெருங்கி வந்தா செங்குத்து, விலகிப் போனா லேசான சரிவு. இடது பக்கம் என்னுது, நல்ல ஆழம்! வலது பக்கம் அவ்வளவு ஆழம் இல்ல."

"வலது பக்கம் பங்காளியோடதா?"

"சண்டை போடுறதுல பங்காளிதான். நடுவுல நீளமா ஒரு மேடு போகுது பாரு, அதான் எல்லை. தகராறுன்னா ரெண்டு பேரும் தாண்ட மாட்டோம்."

"எவ்ளோ ஒசரம் சார் அந்த மேடு?"

"கோட்டுக்குக் கோடு கால் விரக்கடை. மூலைல எழுதியிருக்கேனே."

டிரைவருக்குப் புரியவில்லை. புரியாதபோது நாமெல்லோரும் செய்வதையே அவரும் செய்தார், பலமாகத் தலையாட்டினார்.

மகள் அப்போதுதான் குனிந்து படத்தைப் பார்த்தாள். நடுமேட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடுகள் விலகி வழிவிட்டிருந்தன. தேய்ந்து தாழ்ந்த சின்ன இடம்.

"இது என்னப்பா?" குரல் இறங்கியிருந்தது.

"கணவாய். அத விட்டுக் குடுக்க மாட்டேன். லாரி என்ன, ரயிலே வந்தாலும் மாட்டேன்."

"அப்படி என்னப்பா இருக்கு அதுல?"

அப்பா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட சண்டைன்னாலும், விளக்கணைச்சதும் மெத்தைல உங்கம்மா கை இந்த வழியாத்தான் வரும்."