கடையிலேயே மட்டமான சில்லு

கிட்ட வந்து உட்காருங்க. இந்தக் கதையில வர்றவங்க எல்லாரும் இங்கதான் நல்லா இருக்காங்க, சத்தமா சொல்ல முடியாது.

ஒரு எலெக்ட்ரீஷியன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா அவர் வீட்டுல அவரு, ஒரு பஸ் டிரைவர், ஒரு மருந்துக்கடைக்காரர், மச்சான்னு நாலு பேர் போக்கர் சீட்டு ஆடுவாங்க. காசு கிடையாது. தோத்த ஆளு எல்லா டீ டம்ளரையும் கழுவணும், அவ்வளவுதான். பந்தயம் கட்டுறதுக்குச் சட்டைப் பொத்தான். கொண்டு வர்றவரு அந்த மச்சான், பெண்டாட்டியோட அண்ணன், தையல்காரர்.

ரெண்டு வாரமா அந்த மச்சான் வரல. முட்டி வலியாம். இனிமே ஆட்டமே வேண்டாம்னுட்டாரு. அவரில்லாம ஆட்டம் சப்புன்னு போச்சு.

“பொத்தானை வெச்சு ஆடினா எந்த மனுஷன் வருவான்? பந்தயம் வைக்கிற வட்டச் சில்லு, நல்ல செட்டா வாங்கிப் போடுவோம், மச்சான் ஓடி வருவாரு” என்று பெண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுக் கடைக்குக் கிளம்பினாரு எலெக்ட்ரீஷியன்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாரு. “நல்ல கனம் சார். அடுக்கினா தூண் மாதிரி நிக்கும். மேசையைத் தட்டினாக்கூட அசையாது.”

எலெக்ட்ரீஷியன் கண்ணுல ஒத்திக்காத குறை.

அந்தம்மா கேட்டாங்க: “இதைவிட லேசா இருக்கா?”

“இருக்கும்மா.”

“இன்னும் வழவழன்னு?”

கடைக்காரர் அடித்தட்டுலேர்ந்து ஒரு டப்பாவை எடுத்துத் தூசி தட்டினாரு. மெல்லிசு பிளாஸ்டிக். அந்தம்மா அடுக்கிப் பாத்தாங்க. பத்தாவதை வைக்கும்போதே சரிஞ்சு கடை பூரா உருண்டோடுச்சு.

“இதைக் கட்டுங்க.”

“அம்மா, இது கடையிலேயே மட்டமான சரக்கு. நான் சொல்லக் கூடாது, சொல்றேன்.”

“ஏண்டி, உனக்கு மூளை கழண்டு போச்சா? பிசினாரி! நாலு பேர் முன்னாடி என் மானம் போகும்!” என்று எகிறினாரு எலெக்ட்ரீஷியன்.

“கீழ விழுந்ததைப் பொறுக்கப் போறது நான்தானே? பேசாம வாங்க.”

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன். “அண்ணே, அந்த முட்டியையும் தூக்கிக்கிட்டு ஒரு தடவை வா. பிடிக்கலைன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டேன்.”

வந்தாரு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

முதல் ஆட்டத்துலயே பஸ் டிரைவரோட அடுக்கு சாஞ்சுது. மருந்துக்கடைக்காரரோடது சோபாவுக்கு அடியில. எலெக்ட்ரீஷியனோடது மூணு தடவை. “இது சில்லா, உசுருள்ள மீனா!” என்று ஒரே கூத்து. தையல்காரரோடதும் விழுந்துச்சு. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அன்னிக்கு ஜெயிச்சவரு அவருதான். டம்ளர் கழுவினது எலெக்ட்ரீஷியன்.

“அடுத்த வாரமும் வரேன்” என்று சொல்லிட்டுப் போனாரு மச்சான்.

மறுநாளே எலெக்ட்ரீஷியன் அந்தக் கனமான பெட்டியோட வந்து நின்னாரு. “மச்சான்தான் வந்துட்டாருல்ல, இனிமே மானமா ஆடலாம். உன் குப்பையைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

அந்தம்மா பெட்டியை வாங்கி அலமாரியில வெச்சாங்க. என்னத்தைப் பேசறது? அண்ணன் ஆட்டத்தை நிறுத்தறதுக்கு முந்தி கடைசியா ஆடின அன்னிக்குக் கையிலிருந்த பொத்தானெல்லாம் சிதறுச்சு. “பாரு, கை நடுங்குது! சீட்டு ஒண்ணுமில்ல, சும்மா மிரட்டுறாரு!” என்று டிரைவர் கத்த, எல்லாரும் சிரிச்சாங்க. மிரட்டல் இல்ல, கை நிஜமாவே நடுங்குது. அவர் தைச்சுக் குடுத்த ரவிக்கையில தையல் பாம்பா நெளிஞ்சிருந்ததைப் பாத்தப்பவே தங்கச்சிக்குப் புரிஞ்சுபோச்சு. வாயைத் திறக்காம அதையே போட்டுக்கிட்டாங்க. வெளிய தெரிஞ்சா அவர்கிட்ட எவன் துணி குடுப்பான்? புருஷன்கிட்டச் சொல்லலாம்தான். சொன்னா, ஸ்விட்சைப் போட்ட மாதிரி தெரு பூரா வெளிச்சமாயிடும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் எலெக்ட்ரீஷியன் குறட்டை விட்டுக்கிட்டிருந்தாரு. அந்தம்மா அடுப்படியில உட்கார்ந்து, அந்த உசத்தியான சில்லுல ஒண்ணு விடாம எண்ணெய் தடவி, வெளிய தெரியாத அளவுக்குத் துடைச்சு, பெட்டியில அடுக்கி வெச்சாங்க.