மூன்று பேருக்கான புரொப்பல்லர்

அடுத்த ஒரு வருடம் படகில் யார் யார் இருப்பார்கள் என்று கணித்து, அந்தப் பாரத்துக்கு ஏற்ற புரொப்பல்லரைத் தரும் இயந்திரம் அது. இதுவரை பிசகியதே இல்லை.

ஜெனோவா தன் கணவன், மூன்று மகன்கள் பெயர்களைப் பதிந்தாள். மூன்று பேருக்கான புரொப்பல்லர் வந்து விழுந்தது.

"அண்ணாச்சி, எங்க படகுல நாலு பேருல்லா போறாவ?"

கடைக்காரர் பெலிக்ஸ் நிமிரவில்லை. "மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா."

ஜெனோவா புரொப்பல்லரைத் திருப்பிப் பார்த்தாள். எந்த மகன்? இல்லை, அவரா? அதை மட்டும் இயந்திரம் சொல்லாது. ஒருவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டால்? அப்போது மூன்று பேர்தானே!

"சின்னவன் இனி கடலுக்குப் போமாட்டான் அண்ணாச்சி. அவன் பேர எடுத்துருங்க."

பெலிக்ஸ் அழித்தார். இயந்திரம் புரொப்பல்லரை உள்ளே இழுத்துக்கொண்டது. சற்று நேரம் உறுமியது. பிறகு இரண்டு பேருக்கானதை வெளியே தள்ளியது.